இருபது காசு அளவு

மூன்றாம் எண் பம்பு முணுமுணுக்கத் தொடங்கியது
தைப்பூசத்துக்கு முந்தைய வாரம்.
காந்தத்தை அதன் தோளில் வைத்தேன்.
'டக்' என்று பிடித்துக்கொண்டது.
கைக்கருவியின் சின்னத் திரையில் ஒரு வரி எழுந்து
இருக்கவே கூடாத இடத்தில்
ஒரு முள் நிமிர்ந்து நின்றது.
சம இடைவெளியில் இன்னும் மூன்று.

வெளிவளையத்தில் பள்ளம் இருக்கலாம், என்று எழுதினேன்.
கடுகளவு.
ஒவ்வொரு குண்டும் அதைத் தாண்டும்போது இடறும்.
நொடிக்கு எழுபத்தாறு இடறல்.

"யுகே, நிறுத்தணுமா, வேணாமா?"
ஊய் எப்போதும் இப்படித்தான் கேட்பார்.
யுகேஸ்வரி அவர் வாய்க்கு நீளம்.
ஒரு மணி நேரம் நின்றால் எத்தனை ரிங்கிட் போகும் என்பது
எப்போதும் அவர் நாக்கு நுனியில்.
மஞ்சள், என்றேன்.
சிவப்பு இல்லை, பார்த்துக்கொண்டிருக்கலாம்.
பார்த்துக்கொண்டிருக்கத்தான் எனக்குச் சம்பளம்.

பார்த்தேன்.
வாரம் ஒரு முறை, பிறகு இரண்டு முறை,
பிறகு இரவு ஷிப்டிலும்,
செம்பனை எண்ணெயின் வறுத்த வாடை
தலைமுடியில் ஏறும் வரை.
4.1. 4.3. 4.3. 5.0.
தேக் பகதூர் திருப்புளியின் நுனியைப் பம்பில் ஊன்றி
கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பான்.
"கிழவன் இன்னும் திட்டிட்டுத்தான் இருக்கான்,"
பாதி மலாயில், பாதி நேப்பாளியில்.
பெருநாள் விடுமுறையில் மாற்றிவிடலாம் என்று
புதுப் பேரிங் ஒன்று
பெட்டி பிரிக்காமல் ஸ்டோரில் காத்திருந்தது.

இரண்டாம் எண்ணைப் பற்றி என்ன சொல்ல?
அது பச்சை.
பட்டியலில் பச்சை, உடம்பிலும் பச்சை.
தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள் என்று
சீனப் பெருநாள் முடிந்ததும் மூன்று பூச்சு அடித்தார்கள்.
1.2. 1.1. 1.2.
அதன் முன் நான் நின்ற நேரத்தை மொத்தம் கூட்டினாலும்
ஒரு தே தாரிக் ஆறியிருக்காது.

நோன்பு மாதம், புதன், விடியல் நாலு பத்து.
ரோஸ்லான் சஹூருக்குப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தான்.
முதலில் புகை.
பிறகு கீச்சென்று ஒரே ஒரு சத்தம்.
பிறகு மற்ற மூன்றின் இரைச்சலில் ஓர் ஓட்டை.

செத்தது இரண்டாம் எண்.
பாம்பு தீண்டியதுபோல்
தண்டு நீலம் பாரித்திருந்தது.

ஊய் திட்டவில்லை.
என் அறிக்கையைத் திறந்து
பச்சை, பச்சை, பச்சை என்று
விரலால் தொட்டுக்கொண்டே போனார்.
"ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க,"
கேட்டில் நிற்கும் நாகரத்தினம்,
நான் சிரிக்கட்டும் என்று.

ஆனால் அது ஊமை இல்லை.
கழற்றிப்போட்ட உறையைக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது,
பெயிண்ட் என் நகத்தின் தடிமன்.
மெல்லச் சொன்னதெல்லாம்
அந்தப் பச்சைக்குள்ளேயே அடங்கிப்போயிருக்கிறது.
இன்னொன்றும் ஞாபகம் வந்தது.
பூச்சுக்குப் பிறகு
அந்தப் பம்பில் மட்டும் காந்தம் 'டக்' என்று பிடிக்கவில்லை.
கொஞ்சம் வழுக்கியது.
கையால் அழுத்திக்கொண்டேன்.
அதை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

இன்று ஒரு சுரண்டியோடு வந்திருக்கிறேன்.
முப்பத்தெட்டு இயந்திரங்கள்.
ஒவ்வொன்றின் தோளிலும்
இருபது காசு நாணயத்தை வைத்துச் சுற்றிக் கோடு போட்டு
உள்ளே இருப்பதைச் சுரண்டுகிறேன்,
இரும்பின் வெள்ளை தெரியும் வரை.
துரு ஏறாதிருக்க ஒரு விரல் கிரீஸ்.
புதுப் பெயிண்ட் போச்சே என்று
ஊய் ஜன்னலிலிருந்து பார்க்கிறார்,
ஒன்றும் சொல்லவில்லை.
பதினொன்று முடிந்தது.
பிறைமேல் மழை வருகிறது,
எதிரே பினாங்குத் தீவு தெரியவில்லை.

மூன்றாம் எண் இன்னும் ஓடுகிறது.
5.2.
அதற்கென்று வாங்கிய பேரிங்
இரண்டாம் எண்ணுக்குப் போய்விட்டது.
அடுத்தது வந்துசேர மூன்று வாரம்.

காந்தத்தை வைக்கிறேன்.
'டக்.'
திட்டு, என்கிறேன்.
நிறுத்தாமல் திட்டு.